கணித்தவன் கையில் வந்த பணம்

சூதாட்டத்தைக் கண்டிக்கும் எமது பேச்சுக்களில் ஒரு பலவீனம் தொடர்ந்து இருந்து வருகிறது. அதிர்ஷ்டத்தை நம்பி உழைப்பின்றிப் பணம் தேடுவதே சூது என வரைவிலக்கணம் கூறிக்கொண்டு கண்டனத்தைத் தொடங்குகிறோம். லொத்தர்ச் சீட்டுக்கு இது பொருந்தும். தாயக்கட்டைக்கும் பொருந்தும். ஆனால் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுபவனிடம் இதைச் சொன்னால் அவன் சிரிப்பான். "நான் அதிர்ஷ்டத்தை நம்பிக் கட்டுபவனல்ல, படித்துப் பார்த்துக் கட்டுகிறேன். வியாபாரி சரக்கை மதிப்பிடுவது போல நான் குதிரையை மதிப்பிடுகிறேன். மூளையைப் பாவித்து உழைப்பதில் என்ன குற்றம்?" என்று கேட்பான்.

இந்தக் கேள்விக்கு நாம் நேர்மையாகப் பதில் சொல்வதில்லை. 'எல்லாம் வெறும் அதிர்ஷ்டம்தான்' என்று கூறி அவனை அனுப்பிவிடுகிறோம். அது உண்மையல்ல என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். சரியான ஒரு முடிவைப் பிழையான காரணத்தின் மீது நிறுத்தினால், காரணம் சரியும்போது முடிவும் சேர்ந்தே சரியும். ஆகவே இக்கட்டுரையில் அவன் பக்கத்து நியாயத்தை முழுமையாக ஒப்புக்கொண்டு தொடங்குவோம். எந்தக் குதிரை வெல்லும் எனக் கணிப்பது உண்மையான ஓர் அறிவு என்றே வைத்துக்கொள்வோம். அந்த அறிவு, அதனால் வரும் பணத்தை நியாயமாக்குமா என்பதே எமது கேள்வி.

கொழும்பு கறுவாத்தோட்டத்தில் ரேஸ்கோர்ஸ் என்ற பெயர் இன்று கடைத்தொகுதிக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் உரியதாகிவிட்டது. குதிரைகள் ஓடுவதைக் கண்ணால் காண விரும்புவோர் ஏப்ரலில் நுவரெலியாவுக்குத்தான் போகவேண்டும். ஆனால் எமது நகரங்களின் ரேஸ் புக்கிக் கடைகளில் நிற்பவர்கள் படிப்பது நுவரெலியாக் குதிரைகளைப் பற்றியல்ல. பெரும்பாலும் இங்கிலாந்துக் குதிரைகளைப் பற்றி. அங்கே கோடைகாலப் பிற்பகல் இரண்டு மணியாகும்போது இங்கே மாலை ஆறரை. மஃரிப் பாங்கு ஒலிக்கும் வேளையில், ஒருநாளும் பார்த்திராத புல்வெளியில் ஓடப்போகும், ஒருநாளும் பார்த்திராத குதிரையின் சரித்திரத்தை விரல்வைத்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இத்தொழிலுக்கு வரி அறவிடுகிறது. அரசாங்கத்துக்கு இது வருமானம். வாசிப்பவனுக்கு இது ஒரு கல்வி.

கல்வி என்று சொல்வதில் மிகையில்லை. பந்தயக்காரர்கள் 'ஃபோர்ம்' என அழைப்பது ஒரு குதிரையின் அண்மைக்காலச் செயற்பாட்டுப் பதிவை. குதிரையின் பெயருக்கு அருகே அச்சாகும் சிறு இலக்கங்கள், கடந்த ஓட்டங்களில் அது எத்தனையாம் இடத்தில் வந்தது எனக் காட்டுகின்றன. பூச்சியம் என்றால் முதல் ஒன்பது இடங்களுக்குள் வரவில்லை. எஃப் என்ற எழுத்து, தடை தாண்டுகையில் விழுந்துவிட்டதைச் சொல்லும். பி என்ற எழுத்து, ஓட்டத்தின் நடுவிலே ஜொக்கி அதை நிறுத்திவிட்டதைச் சொல்லும். தேர்ந்த வாசகன் இவ்விலக்கங்களை அப்படியே நம்பமாட்டான். மூன்றாம் இடத்தில் வந்தது யாருக்குப் பின்னால்? தரை காய்ந்திருந்ததா, மழையில் ஊறியிருந்ததா? தூரம் ஐந்து ஃபர்லோங்கா, ஒன்றரை மைலா? உள்வளைவில் நின்று புறப்பட்டதா, வெளிப்புறத்திலா? எவ்வளவு எடையைச் சுமந்தது?

இந்த எடைதான் மிக நுட்பமான விடயம். 'ஹெண்டிகப்' எனப்படும் ஓட்டங்களில் வலிய குதிரை அதிக எடையையும் மெலிந்த குதிரை குறைந்த எடையையும் சுமக்கும். சேணத்தோடு ஈயத்தகடுகளைச் சேர்த்து எடையைச் சரிசெய்வார்கள். குறுந்தூர ஓட்டத்தில் ஒரு குதிரை நீள வித்தியாசத்துக்குச் சுமார் மூன்று இறாத்தல், நெடுந்தூர ஓட்டத்தில் சுமார் ஓர் இறாத்தல் என்பது பொதுவான கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அட்மிரல் ரூஸ் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, வயதுக்கும் தூரத்துக்கும் மாதத்துக்கும் ஏற்ப எடை எவ்வாறு மாறவேண்டும் எனக் காட்டும் அட்டவணையை ஒழுங்குபடுத்தினார். திருத்தங்களோடு அதன் அடிப்படை இன்றும் பாவனையில் உள்ளது. யோர்க்ஷயரைச் சேர்ந்த ஃபில் புல் என்ற கணித ஆசிரியர், ஓட்ட நேரங்களை ஆராய்ந்து குதிரைகளுக்குப் புள்ளியிடும் முறையை வளர்த்து, 1948இல் 'டைம்ஃபோர்ம்' நிறுவனத்தை ஆரம்பித்தார். தனது கணிப்பைக் கொண்டு பந்தயத்தில் பெரும் பணம் ஈட்டியவர் அவர். இவையெல்லாம் அதிர்ஷ்டத்தின் கதைகளல்ல.

குதிரையை மதிப்பிடும் இந்த அறிவு எமக்கு அந்நியமானதுமல்ல. இன்றைய பந்தயக் குதிரை இனம் முழுவதும், கீழைத் தேசங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்று ஆண் குதிரைகளைத் தந்தைவழி மூதாதையாகக் கொண்டது. அவற்றுள் மிகப் பெரிய வம்சத்தைத் தந்த டார்லி அரேபியன், 1704இல் அலெப்போவிலிருந்து யோர்க்ஷயருக்கு அனுப்பப்பட்டது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அரபுமொழியில், ஓட்டத்தில் முந்திவரும் பத்துக் குதிரைகளுக்கும் வரிசைப்படி தனித்தனிப் பெயர் இருந்தது. முதலாவது முஜல்லி, இரண்டாவது முஸல்லி, கடைசியில் வருவது ஸுகைத். முதற்குதிரையின் பின்புறத்தை ஒட்டித் தலை நீட்டி வருவதால் இரண்டாவதற்கு அப்பெயர் வந்ததென அகராதிக்காரர்கள் விளக்குவர். தொழுகையாளியைக் குறிக்கும் சொல்லும் அதே எழுத்துக்களால் ஆனது என்பது எம்மவர்க்குச் சுவையான செய்தி.

இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரியில் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரையோட்டப் போட்டி நடாத்தினார்கள். பயிற்சியளித்து உடலை இறுக்கிய குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் வதா வரையும், பயிற்சி பெறாத குதிரைகளை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் ஓடவிட்டார்கள். முந்திய தூரம் ஐந்து அல்லது ஆறு மைல், பிந்தியது ஒரு மைல் என அறிவிப்பாளர் ஒருவர் குறிப்பிடுகிறார். இங்கே குதிரைகளின் நிலை மதிப்பிடப்பட்டிருக்கிறது. தயாரான குதிரை எது, தயாராகாதது எது எனப் பிரித்தறிந்து, அதற்கேற்பத் தூரம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஃபோர்ம் பார்ப்பது என்பதன் ஆதி நோக்கம் இதுதான். இயலாத குதிரையை இயன்ற குதிரையோடு மோதவிடாதிருக்க அந்த அறிவு தேவைப்பட்டது.

அறிவு என்று ஒப்புக்கொண்டதால் அதன் எல்லையையும் சொல்லவேண்டும். பந்தயம் கட்டுவோர் யாவரும் சேர்ந்து 'வெல்லும்' எனக் கருதும் குதிரைக்கு ஃபேவரிட் என்று பெயர். நீண்டகாலக் கணக்கில் அது வெல்வது ஏறத்தாழ மூன்று ஓட்டங்களில் ஒன்றில் மட்டுமே. 1919இல் அமெரிக்காவின் சரடோகாவில், மேன் ஓ வோர் என்ற மாபெரும் குதிரை தனது வாழ்நாளின் இருபத்தொரு ஓட்டங்களில் ஒரேயொரு தடவை தோற்றது. 1956 கிராண்ட் நெஷனல் ஓட்டத்தில், இங்கிலாந்து இராணியின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லொக், தடைகள் அனைத்தையும் தாண்டித் தனியே முன்னணியில் வந்து, முடிவுக்கோடு கண்ணெதிரே தெரியும்போது திடீரெனச் சரிந்தது. ஏன் சரிந்தது என்பதற்கு இன்றுவரை ஒருமித்த விளக்கம் கிடையாது. அதை ஓட்டிய டிக் ஃபிரான்சிஸ் பின்னாளில் துப்பறியும் நாவலாசிரியராகப் புகழ்பெற்றார். 1967இல் அதே போட்டியின் இருபத்துமூன்றாம் தடையில், ஜொக்கியை இழந்த குதிரையொன்று குறுக்கே ஓட, முன்னணிக் குதிரைகள் யாவும் ஒன்றோடொன்று மோதிக் குழம்பின. வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபொய்னவன் அந்தக் குழப்பத்துக்குள் வழிகண்டு வென்றது. அதன்மீது நூறுக்கு ஒன்று என்ற விலை இருந்தது.

அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. நபிகளாரின் அழ்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவர் தமது இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு மனவருத்தம். உலகில் உயர்ந்துவிட்ட எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் நபிகளார் அவர்களுக்கு விளக்கமளித்தார்கள். ஃபேவரிட் தோற்றதற்காக அங்கே யாரும் பணம் இழக்கவில்லை. ஆதலால் அந்தத் தோல்வியிலிருந்து ஒரு பாடம் கற்க முடிந்தது.

அறிவு கூடக்கூடக் கணிப்பும் கூர்மையாகுமா என்பதை அமெரிக்க உளவியலாளர் போல் ஸ்லோவிக் 1973இல் சோதித்துப் பார்த்தார். அனுபவம்மிக்க கணிப்பாளர்கள் எட்டுப்பேரிடம் குதிரைகளைப் பற்றிய எண்பத்தெட்டு வகைத் தகவல்களைக் காட்டி, தமக்கு முக்கியமானவற்றைத் தெரியச் சொன்னார். பின்னர் பழைய ஓட்டங்களைப் பெயர் மறைத்துக் கொடுத்து, முதலில் ஐந்து தகவல்களோடும், பிறகு பத்து, இருபது, நாற்பது என அதிகரித்தும் கணிக்கச் செய்தார். கணிப்பின் திருத்தம் ஐந்து தகவலோடு இருந்த இடத்திலேயே நாற்பதிலும் நின்றது. கூடியது என்னவென்றால், தம் கணிப்பின்மீது அவர்கள் வைத்த நம்பிக்கை. மேலும் மேலும் வாசித்தது அவர்களுக்குத் துணிவைத் தந்ததேயன்றித் தெளிவைத் தரவில்லை.

இத்தோடு நிறுத்திவிட்டு, 'பார்த்தீர்களா, கடைசியில் எல்லாம் அதிர்ஷ்டமே' என முடிக்கலாம். அது மீண்டும் அந்தப் பழைய தவறாகவே அமையும். ஏனெனில் உண்மையாகவே வென்றவர்கள் இருக்கிறார்கள். வில்லியம் பென்டர் என்ற அமெரிக்கர் 1980களின் நடுப்பகுதியில் ஹொங்கொங் சென்று, குதிரைகளின் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு குதிரைக்குமான வெற்றி வாய்ப்பைக் கணக்கிட்டுப் பெருஞ்செல்வம் சேர்த்தார். தனது முறையை 1994இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். புக்கிக் கடையில் நிற்பவன் தோற்பதற்குக் காரணம், அவன் போதியளவு அறியாதிருப்பதே என்று பென்டரைக் காட்டி ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்துக்கும் பதில் வேண்டும்.

பதிலைத் தேட, பணம் போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்ப்போம். ஹொங்கொங்கில் நடப்பது, 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லர் உருவாக்கிய பொதுக்குவியல் முறை. கட்டுபவர் எல்லோருடைய பணமும் ஒரே குவியலில் சேரும். நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின், மிகுதி வென்ற குதிரைமீது கட்டியவர்களுக்குப் பகிரப்படும். ஆயிரம் பேர் ஆளுக்கு நூறு ரூபா கட்டினால் ஓர் இலட்சம். இருபதாயிரத்தை நடத்துபவர் எடுத்தால் எண்பதாயிரம் மிஞ்சும். குதிரை எவ்வளவு அழகாக ஓடினாலும் அது எண்பதாயிரத்து ஒரு ரூபா ஆகாது. வென்றவன் கைக்கு வரும் ஒவ்வொரு சதமும் தோற்றவன் சட்டைப்பையிலிருந்து வந்தது. புக்கியிடம் கட்டும்போதும் அடிப்படை இதுவே. சமபலமுள்ள இரண்டு குதிரைகளில் எதன்மீது கட்டினாலும் நூற்றிப்பத்து ரூபா கட்டினால்தான் நூறு ரூபா இலாபம் என அவன் விலை வைப்பான். இருபக்கமும் ஒவ்வொருவர் கட்டினால் இருநூற்றிருபது சேரும். வென்றவனுக்கு இருநூற்றிப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பத்தைத் தன் பெட்டியில் போடுவான். வென்றவனின் நூறும் புக்கியின் பத்தும் தோற்றவன் கொடுத்தவையே.

இனி, கணிப்பவன் உண்மையில் எதைக் கணிக்கிறான் எனப் பார்ப்போம். குதிரையை என்றுதான் அவன் நினைக்கிறான். ஃபிராங்கெல் என்ற குதிரை 2010 முதல் 2012 வரை பதினான்கு தடவை ஓடிப் பதினான்கு தடவையும் வென்றது. அதைவிடச் சிறந்த குதிரை அக்காலத்தில் இல்லை என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். 2012இல் குட்வூட்டில் அது ஓடியபோது, ஒரு பவுண் இலாபம் பெற இருபது பவுண் கட்டவேண்டியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த உண்மைக்குப் பந்தயத்தில் விலையில்லை. ஆகவே தேர்ந்த கணிப்பாளன் தேடுவது சிறந்த குதிரையை அல்ல; மற்றவர்கள் எந்தக் குதிரையைத் தவறாக மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பதை. பென்டரின் கட்டுரையும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. தமது கணக்கைத் தனியே பாவிக்காமல், பொதுமக்கள் கட்டிய பணத்திலிருந்து வெளிப்படும் மதிப்பீட்டையும் அதனோடு சேர்த்தே அவர் பாவித்தார். மக்கள் எங்கே பிழைவிட்டார்கள் என்ற இடத்தில்தான் அவரது இலாபம் இருந்தது.

குதிரையைப் பற்றிய அறிவு இந்த இடத்தில் மனிதனைப் பற்றிய அறிவாக, இன்னும் திருத்தமாகச் சொன்னால் மனிதனின் அறியாமையைப் பற்றிய அறிவாக மாறிவிடுகிறது. அந்த மனிதன் யார்? கணினி இல்லாதவன். வாசிக்க நேரமில்லாதவன். வேலை முடிந்து, அன்றாடக் கூலியில் ஒரு பகுதியோடு, பத்திரிகைத் துண்டில் ஐந்து நிமிடம் கண்ணோட்டிவிட்டுக் கட்டுபவன். லொத்தர் யாரிடமும் பாரபட்சம் காட்டாமல் எடுக்கிறது. பந்தயத்தில் திறமை புகும்போது, எடுப்பதில் ஒரு திசை உண்டாகிறது. அறிந்தவன் அறியாதவனிடமிருந்து, வசதியுள்ளவன் வசதியற்றவனிடமிருந்து எடுக்கிறான். 'நான் அதிர்ஷ்டத்தால் வெல்லவில்லை, அறிவால் வென்றேன்' என்று ஒருவன் சொல்லும்போது அவன் தன் குற்றத்தைக் குறைக்கவில்லை. தன்னைவிட மெலிந்தவனைத் தெரிந்தே தேடிப்பிடித்தேன் என்று ஒப்புக்கொள்கிறான்.

மற்றொரு பக்கமும் இதற்கு உண்டு. அறிவு என்ற இந்த எண்ணமே தோற்பவனைக் கட்டிவைக்கும் கயிறு. லொத்தரில் தோற்றவன் 'எனக்கு இராசியில்லை' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஃபோர்ம் வாசித்துத் தோற்றவன் அப்படிப் போவதில்லை. 'தரை ஈரம் என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன், நாளைக்குச் சரியாகப் பார்க்கிறேன்' என்கிறான். ஒவ்வொரு தோல்வியும் அவனுக்கு இன்னொரு பாடமாகத் தெரிகிறது. கைவிடுவதற்கான காரணமாகத் தெரிவதில்லை. கடை நடத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிரித்தானியாவில் தொடர்ந்து வெல்லும் வாடிக்கையாளர்களின் பந்தயத் தொகையை நிறுவனங்கள் சில பவுண்களுக்குள் மட்டுப்படுத்துவது ஊரறிந்த வழக்கம். தோற்பவருக்கு அந்த எல்லை கிடையாது. திறமைக்கான போட்டி என்று விளம்பரம் செய்பவர், திறமையுள்ளவன் வந்ததும் கதவை மூடுகிறார்.

இப்போது வியாபாரி பற்றிய வாதத்துக்கு வருவோம். புறக்கோட்டையில் அரிசி வாங்கும் முதலாளியும் விலை ஏறுமா இறங்குமா எனக் கணிக்கிறார். விவசாயி மழையைக் கணிக்கிறார். மீனவர் கடலைக் கணிக்கிறார். இவர்களும் நிச்சயமற்றதன்மீது பணத்தையும் உழைப்பையும் வைக்கிறார்கள். வேறுபாடு எங்கே? விவசாயி விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் மழையின் நிச்சயமின்மை உலகில் இருக்கிறது. யாராவது ஒருவர் அதைச் சுமந்தால்தான் சோறு கிடைக்கும். பந்தயக்காரன் சுமக்கும் ஆபத்து அவனே உண்டாக்கிக்கொண்டது. அவன் கட்டாவிட்டால் அந்த ஆபத்தே இல்லை. குதிரை எப்படியும் ஓடும். விற்றவனும் வாங்கியவனும் சந்தையிலிருந்து ஏதோவொன்றை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். பந்தயத்தில் ஒருவன் மட்டுமே கொண்டுபோகிறான்.

அது மட்டுமல்ல. வியாபாரத்திலும் மற்றவனின் அறியாமையை மூலதனமாக்குவதை எமது மார்க்கம் தடுத்திருக்கிறது. சரக்கோடு வரும் பயணக் கூட்டத்தை, அவர்கள் சந்தை விலையை அறியுமுன் ஊருக்கு வெளியே சென்று சந்தித்து வாங்குவது ஹதீஸில் விலக்கப்பட்டுள்ளது. அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. அங்கே வாங்கியவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் விலையை அறிந்திருந்தார், விற்றவர் அறிந்திருக்கவில்லை, அவ்வளவே. அறிவு என்ற பெயரால் பந்தயத்தை வியாபாரத்தோடு ஒப்பிடுபவருக்கு, வியாபாரமே அவர் பக்கம் சாட்சி சொல்லவில்லை.

'இரு தரப்பும் விரும்பித்தானே கட்டுகிறார்கள்' என்பது அடுத்த வாதம். சம்மதம் வியாபாரத்துக்கு அவசியம் என்பது உண்மை. ஆனால் இங்கே எதற்குச் சம்மதித்தார்கள்? மற்றவன் பிழை, நான் சரி என்று ஒவ்வொருவரும் நம்புவதால்தான் பந்தயமே உருவாகிறது. இருவரும் வெல்வதற்கே சம்மதித்தார்கள். தோற்பதற்கு எவரும் சம்மதிக்கவில்லை. தோற்றவன் கொடுக்கும் பணம் விருப்பத்தோடு கொடுத்ததாகாது. நிர்ப்பந்தத்தோடு விட்டுப் பிரிந்ததாகும். மைஸிர் பகையையும் வெறுப்பையும் உண்டாக்கும் என்று குர்ஆன் காரணம் கூறியதை இந்த வெளிச்சத்தில் யோசித்துப் பார்க்கலாம். மைஸிரில் பயனும் உண்டு என்பதையும் அது மறைக்கவில்லை. குற்றம் பயனைவிடப் பெரிது என்றே சொன்னது.

குதிரையோட்டத்துக்குப் பரிசு வழங்குவதை எமது பிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றும் ஹதீஸில் பெயர் குறிப்பிடப்பட்டவை. பரிசு, குதிரையைப் பழக்கி ஓடியவனுக்கு. அல்லது ஆட்சியாளரோ வேறொருவரோ தம் கைப்பணத்தில் கொடுப்பது. போட்டியாளர் இருவருமே பணம் வைப்பதாயின், எம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலும், ஹனபி, ஹன்பலி மத்ஹபுகளிலும், பணம் வைக்காத மூன்றாமவர் ஒருவர் நடுவே சேரவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அவருக்கு முஹல்லில் என்று பெயர். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் அபூதாவூத் அறிவிப்பின் கருத்து ஆழ்ந்த சிந்தனைக்குரியது. வெல்வோம் என்ற நிச்சயமில்லாமல் மூன்றாவது குதிரையைச் சேர்த்தால் அது சூதல்ல. வெல்வது நிச்சயம் என்றறிந்து சேர்த்தால் அது சூது. இந்த அறிவிப்பின் வலிமையை இப்னுல் கையிம் போன்ற பெரியார்கள் ஏற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் அந்த விதியை ஏற்றவர்களின் சிந்தனை எப்படிச் சென்றது என்பது எமக்கு முக்கியம். நிச்சயமின்மைதான் சூது என்று நாம் நினைத்திருந்தோம். இங்கே, முன்கூட்டி அறிந்துகொண்டு எடுப்பதும் சூது எனப்படுகிறது. கணித்து வென்றேன் என்பவனின் வாதத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஒரு பதில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே குதிரையை அறியும் அறிவைக் குறைகூற வேண்டியதில்லை. அதே பதிவுகளைத்தான் ஹெண்டிகப் எடையை நிர்ணயிக்கும் அதிகாரியும் வாசிக்கிறார். அதே இலக்கங்கள், அதே தரை, அதே தூரம். எல்லாக் குதிரைகளும் முடிவுக்கோட்டை ஒரே கணத்தில் தொடவேண்டும் என்பது அவரது இலட்சியம். யாருக்கு எவ்வளவு பாரம் நியாயம் என்று அவர் யோசிக்கிறார். அவருக்கு அடுத்த மேசையில் இருந்து வாசிக்கும் பந்தயக்காரன், அவர் எங்கே பிழைவிட்டார், அந்தப் பிழையை இன்னும் யார் கவனிக்கவில்லை என்று தேடுகிறான். மிருக வைத்தியர் வாசித்தால் குதிரையின் கால் நோவைக் கண்டுபிடிப்பார். வளர்ப்பவர் வாசித்தால் அடுத்த தலைமுறையைத் தீர்மானிப்பார். அறிவு ஒன்றே. அது யாருக்காகப் பயன்படுகிறது, யாரிடமிருந்து எடுக்கிறது என்பதில்தான் அறத்தின் கேள்வி தொடங்குகிறது.

இன்று இந்தப் பிரச்சினை புக்கிக் கடையின் வாசலோடு நிற்கவில்லை. கைத்தொலைபேசியில் கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் பந்தயம் பிடிக்கும் இளைஞர்கள் எம்மிடையே பெருகி வருகிறார்கள். துடுப்பாட்டக்காரரின் ஃபோர்ம், ஆடுகளத்தின் தன்மை, நாணயச் சுழற்சி என அவர்களிடமும் ஒரு கல்வி இருக்கிறது. படித்த பிள்ளைகள், புள்ளிவிபரம் தெரிந்தவர்கள். 'எல்லாம் அதிர்ஷ்டம், அதனால் ஹராம்' என்று குத்பாவில் கேட்டால் அவர்கள் மனதுக்குள் சிரித்துக்கொள்வார்கள். எமது உலமாக்களும் எழுத்தாளர்களும் அவர்களிடம் வேறொரு கேள்வியைக் கேட்கவேண்டும். தம்பி, நீ கெட்டிக்காரன், உன் கணக்கு சரி, நீ வென்றதாகவே வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தை இழந்தவன் யார்? அவன் முகத்தைப் பார்த்து, இது நான் உனக்குச் செய்த வேலைக்கான கூலி என்று உன்னால் சொல்ல முடியுமா?

வியாபாரியால் சொல்ல முடியும். விவசாயியால் சொல்ல முடியும். குதிரையைப் பழக்கியவனும் ஓட்டியவனும் சொல்வார்கள். கணித்தவன் மட்டும், யாருக்கு என்ன கொடுத்தான் என்பதைச் சொல்ல முடியாமல் நிற்பான். அவன் எவ்வளவு திறமையாகக் கணித்திருந்தாலும் அந்த மௌனத்தை அவனது திறமை நிரப்பாது.